மறு: ‘ஸ்லாம்’ – வெற்றியா, வாரலா?

அனைவருக்கும் வணக்கம். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பதின்மூன்று சுற்றையும் வெல்வதாக முன்பே கேட்டு எடுப்பது ‘கிராண்ட் ஸ்லாம்’, பன்னிரண்டு கேட்டு எடுப்பது ‘ஸ்மால் ஸ்லாம்’. இவற்றுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் பேச்சு.

பினாங்கு அக்கா போன வாரம் எழுதியது:

> ‘பெருவெற்றி’, ‘சிறுவெற்றி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. கேட்டதும் புரியும், பிள்ளைகளுக்கும் வாயில் நுழையும்.

அக்கா, புரியும் என்பது உண்மைதான். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஆடும் மேசையில் ஒரு மாலை முழுக்க அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது ஆட்டத்திலேயே இடறியது. ஒருவர் ஆறு இஸ்பேட்டு (கேட்கும் எண்ணோடு ஆறு சேர்த்தால் பிடி, ஆகவே பன்னிரண்டு) கேட்டுவிட்டுப் பதினொரு பிடியோடு நின்றுவிட்டார். ‘சிறுவெற்றி தோற்றுப்போச்சு’ என்று சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் நான்கு ஆர்ட்டின் மட்டும் கேட்டுப் பன்னிரண்டு பிடி எடுத்தார். அது வெற்றிதான், ஆனால் ஸ்லாம் இல்லை. கேட்காததால் அதற்குரிய போனஸ் ஒரு புள்ளிகூட வராது.

(ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டையும் சேர்த்துப் பிடி என்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு இங்கே வந்த எங்கள் தாத்தா 304 ஆடும்போது சொன்ன சொல். புதிதாக ஆக்கத் தேவையில்லை.)

பழைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பன்னிரண்டு பிடி எடுத்தால் ஸ்லாம்தான். அன்றைக்கு ‘வெற்றி’ பொருந்தியிருக்கும். 1925இல் ஹரால்ட் வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தில் புதிய புள்ளிக் கணக்கை வகுத்தார். அதிலிருந்து முன்கூட்டியே வாக்குக் கொடுத்து, அதன்படி எடுத்தால்தான் கணக்கு. பன்னிரண்டுக்கு 500, பதின்மூன்றுக்கு 1000. வல்னரபிளாக (போனஸும் அபராதமும் கூடும் நிலையில்) இருந்தால் 750, 1500. ஆகவே நமக்கு வேண்டியது ‘கேட்டான்’, ‘எடுத்தான்’, ‘முறிந்தது’ மூன்றோடும் ஒட்டி நிற்கிற சொல்.

எனக்கு முதலில் தோன்றியது ‘அள்ளல்’. பல்லாங்குழியில் வெற்றுக்குழியைத் துடைத்து அடுத்த குழியில் இருப்பதை அள்ளுகிறோமே, அந்த அள்ளல். கை நிறையக் காய் வரும் சந்தோஷம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் ‘முழு’வோடு சேர்த்து எழுதினால் ‘முழுவள்ளல்’ என்றாகிறது. படிக்கிறவருக்குப் பாரியும் ஓரியும்தான் நினைவுக்கு வருவார்கள். அதனால் ‘வாரல்’. வாரிக்கொள்வது, வாரிச் சுருட்டுவது எல்லாம் நம் வாயில் தினமும் புழங்குகிறது. சேர்க்கும்போதும் எழுத்து மாறாது: முழுவாரல். ‘முழுவாரல் கேட்டார்’, ‘முழுவாரல் முறிந்தது’. இரண்டும் நெருடவில்லை.

பன்னிரண்டு பிடிக்கு ‘சிறுவாரல்’ எனக்கு மனம் ஒப்பவில்லை. அதில் சிறுமை எதுவும் இல்லை. ‘ஒருகுறைவாரல்’ என்கிறேன். நீளம்தான், தெரியும். ஆனால் அந்த ஆட்டத்தின் முழு யோசனையும் ‘ஒரு குறை’யில்தான் இருக்கிறது: ஒன்று போகலாம், இரண்டு போகக் கூடாது. ஆசு 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 என்று எண்ணினால் கட்டு முழுவதும் 40 புள்ளி. பன்னிரண்டு பிடிக்குக் கூட்டாளிகள் இருவர் கையிலும் சேர்த்து 33 வேண்டும் என்கிறார்களே, ஏன்? எதிராளியிடம் மிஞ்சுவது 7. இரண்டு ஆசு என்றால் 8 ஆகிவிடும், அது அவர்களிடம் இருக்கவே முடியாது. முழுவாரலுக்கு 37. மிஞ்சும் மூன்றில் ஓர் ஆசுகூட அடங்காது. ஈஸ்லி பிளாக்வுட் வகுத்த முறையில் நான்கு நோ டிரம்ப் (துருப்பு இல்லாத கேட்பு) சொல்லி ஆசு எத்தனை என்று விசாரிப்பதும் இதற்குத்தான்.

ஆடும்போதும் அப்படியே. எங்கள் மேசையில் வந்த கை இது. துருப்பு இனத்தில், கேட்டவரிடம் ராஜா, ஒன்பதோடு ஐந்து சீட்டு. டம்மியில் (கூட்டாளி மேசையில் விரித்து வைக்கும் கையில்) ஆசு, பத்தோடு நான்கு. ராணி, ஜாக்கி உட்பட நான்கு சீட்டு வெளியே. மற்ற மூன்று இனத்திலும் ஒரு பிடியும் போகாது. ஏழு கேட்டிருந்தால் ஒரு பிடியும் விட முடியாது, ஆசுச் சீட்டையும் ராஜாவையும் இறக்கி, முக்கியமாக அந்த நான்கும் இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டிக்கொள்ள வேண்டும். அதற்கு நூற்றில் நாற்பதுதான் வாய்ப்பு. கேட்டது ஆறு. அவர் பழக்கத்தில் டம்மியின் ஆசுச் சீட்டை முதலில் போட்டார். வலப்பக்கத்தவரிடம் துருப்பே இல்லை, டைமண்ட் விழுந்தது. நான்கும் இடப்பக்கம். ராணிக்கு ஒன்று, ஜாக்கிக்கு ஒன்று என்று இரண்டு பிடி போய்விட்டது.

அதற்குப் பதில் கையிலிருந்து சின்னத் துருப்பை விட்டு, இடப்பக்கத்தவரும் சின்னது போட்டால் டம்மியில் பத்தை வைத்திருக்கலாம். பத்து தோற்றாலும் வெளியே மிச்சம் இரண்டுதான், ஆசும் ராஜாவும் அவற்றை இழுத்துவிடும். இடப்பக்கத்தவர் ராணியோ ஜாக்கியோ போட்டால் ஆசால் பிடிக்கலாம். அவரிடம் துருப்பு இல்லையென்றால் ஆசுச் சீட்டைப் போட்டு, திரும்ப ராஜா–ஒன்பதை நோக்கி ஆடலாம். எப்படிப் பிரிந்திருந்தாலும் ஒன்றுக்கு மேல் போகாது. ‘ஒருகுறை’ என்று கேட்பிலேயே சொல்லிப் பழகியிருந்தால், அந்த ஒன்றை எங்கே விடலாம் என்று முதல் சீட்டுக்கு முன்பே அவர் தேடியிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஈப்போ ஐயா, பத்திரிகையில் ‘கிராண்ட் ஸ்லாம்’ என்றே வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். டென்னிஸ்காரர்கள் அதை 1930களில் சீட்டாட்டத்திலிருந்துதான் எடுத்தார்கள். அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும், நம் மேசைக்கு நம் சொல் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கான கையேட்டில் முழுவாரல், ஒருகுறைவாரல் இரண்டையும் போட்டுவிட்டேன், அடுத்த சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கேட்ட பிடி கிடைக்காததற்கு ‘முறிந்தது’ என்று எழுதியிருக்கிறேன். பினாங்கில் வேறு மாதிரி சொல்வீர்கள் என்றால், அக்கா, அதற்குள் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து