சைட்காருக்குத் தமிழ்: பக்கக்கோப்பா, உடன்கோப்பா?

> படத்தின் நாள், இடம், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் படத்துக்குள் எழுதாமல் அருகிலேயே ஒரு சிறு கோப்பில் வைக்கிறோம். அந்த சைட்காரை ‘பக்கக்கோப்பு’ எனலாமா? இல்லையென்றால் ‘துணைக்கோப்பு’?
> (செங்கோட்டை)

ஐயா, இரண்டுமே இடறும். நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் வைத்துக்கொள்ளும் பேஜ்ஃபைலைத்தான் பக்கக்கோப்பு என்று படிப்பார்கள். ‘துணைக்கோப்புறை’யை உட்கோப்புறைக்கு ஏற்கெனவே புழங்குகிறோம்.

‘உடன்கோப்பு’ என்று வைப்போம். காரணம் அதன் வேலையிலேயே இருக்கிறது. படத்தையும் அதையும் கட்டிவைப்பது பெயர் ஒன்றுதான். படங்களைத் தொகுக்கும் நிரல்களான டிஜிகேம், டார்க்டேபிள் இரண்டும் ‘வீடு034.ஜேபிஜி.எக்ஸ்எம்பி’ என்று, குறிப்புக்கோப்பின் வகையான எக்ஸ்எம்பியைப் படத்தின் முழுப்பெயரோடு ஒட்டும். லைட்ரூம் என்ற நிரலோ, கேமராவின் பதப்படுத்தாத ‘ரா’ படங்களுக்கு நடுவிலுள்ள வகைப்பெயரை விட்டுவிட்டு ‘வீடு034.எக்ஸ்எம்பி’ என்றே எழுதும்; ஜேபிஜிக்குக் குறிப்பைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். அதனால் ஒன்று எழுதியதை மற்றொன்று கண்டுகொள்ளாமல் போகலாம். கோப்பு மேலாளரில் படத்தை மட்டும் பெயர் மாற்றினாலோ நகர்த்தினாலோ குறிப்பு பழைய இடத்திலேயே கிடக்கும், படம் ஊமையாகிவிடும். டிஜிகேமுக்குள்ளிருந்தே நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து போகும். பிரியக்கூடாது என்பதைப் பெயரே சொல்ல வேண்டாமா?
(கொழிஞ்சாம்பாறை)

> மலையாளத்தில் ‘உடன்’ என்றால் ‘உடனே’. உங்கள் கேரளப் பக்கத்தில் அவசரக்கோப்பு என்று எண்ண மாட்டார்களா? மேலும், ஆவணங்களுக்கும் இதே சொல் போதுமா?
> (செங்கோட்டை)

எண்ண இடமுண்டு, நீங்கள் சொல்வது சரி. ஆனால் உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று ஒட்டி வரும்போது தமிழ் படிப்பவருக்குக் குழப்பமில்லை. பிரித்து எழுதாமல் ஒரே சொல்லாக எழுதுவதைக் கட்டாயமாக்குவோம்.

ஆவணங்களுக்குத்தான் இது இன்னும் தேவை. எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரே வீட்டில் தமிழ்ப் பத்திரமும் மலையாள ஆதாரமும் இருக்கும். கேரளத்தில் ‘ஆதாரம்’ நிலப்பத்திரம். ‘ஆதார்’ அடையாள அட்டை. கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து ‘aadhar’ என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். ‘முன்னாதாரம்’ நம் தாய்ப்பத்திரம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஸ்கேன் வெறும் படம்தான்.

செய்முறை: 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். ஸ்கேனிலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் நிரலில் மலையாளத்தையும் தமிழையும் சேர்த்துக் கொடுத்து, சைட்கார் விருப்பத்தோடு ஓட்டினால் அறிந்த எழுத்தெல்லாம் தனி உரைக்கோப்பில் விழும். அச்சடித்த ஆவணத்துக்கு இது போதும். பழைய கையெழுத்துப் பத்திரத்தில் நம்ப முடியாது, கையால்தான் தட்டச்ச வேண்டும். அந்த உரைக்கோப்பின் தலையில் சர்வே எண், சார்பதிவகம், பதிவு நாள், ‘இது தாய்ப்பத்திரம்’ என்ற தமிழ் விளக்கம் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதுங்கள். நிரலை அதே பிடிஎஃப்பில் மறுபடி ஓட்டினால் உரைக்கோப்பு புதிதாக எழுதப்பட்டு அந்த நான்கு வரியும் போய்விடும். முதலில் வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள்.

படத்தை இழந்து தனியே கிடக்கும் உடன்கோப்புக்கும் ஒரு சொல் வேண்டும். ‘துணையிழந்த கோப்பு’ என்பதைவிட ‘தனித்த உடன்கோப்பு’ எனக்குப் பிடிக்கிறது. நிரலின் எச்சரிக்கைச் செய்தியில் அப்படியே பொருந்தும். மாற்று இருந்தால் எழுதுங்கள்.
(கொழிஞ்சாம்பாறை)