விசைப்படகில் லித்தியம் பேட்டரி: ஆல்டர்னேட்டர் தாங்குமா?

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் விசைப்படகு மண்டபம் தென்கடலில் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் லைட், வயர்லெஸ், ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டருக்கான ஆசிட் பேட்டரிகளை எடுத்துவிட்டு, 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வைக்கலாம் என்றிருக்கிறோம். இன்ஜின் ஸ்டார்ட்டுக்குப் பழைய ஆசிட் பேட்டரியே இருக்கட்டும். அதில் கை வைக்கப்போவதில்லை.

என் பயமெல்லாம் இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் மேல்தான். லித்தியம் கிடைக்கிற கரண்டையெல்லாம் கடைசி வரை இழுக்கும். வலை இழுக்கையில் இன்ஜின் மெதுவாக ஓடினால் ஆல்டர்னேட்டர் ஃபேனில் காற்றும் குறைவு, சூடேறிவிடும். போதாததற்கு, சார்ஜ் ஏறும்போது பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) திடீரென்று கட் செய்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். கடைக்காரரோ "நேரா மாட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். அவர் கடலுக்கு வரப்போவதில்லையே! ஆல்டர்னேட்டருக்கும் லித்தியத்துக்கும் நடுவில், கரண்டை அளவோடு விடுகிற 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் போட்டால் சரியாக வருமா? யாராவது போட்டு ஓட்டுகிறீர்களா?

அப்புறம் இடம். இன்ஜின் ரூம் வெக்கை பேட்டரிக்கு ஆகாது; மேலே வீல்ஹவுஸில் வைத்தால் உப்புக்காற்று. இப்போதே வயர் முனைகளில் பச்சை பூத்து, சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ கிடைக்குமா?

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே இருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஷார்ட் ஆனால் லித்தியம் தள்ளுகிற கரண்டுக்கு லாரி ஃபியூஸை நம்ப முடியாது. அவ்வளவு கரண்டையும் பத்திரமாக அறுக்கிற கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் எங்கே வாங்கினீர்கள்? படம், விலை எது இருந்தாலும் கமெண்டில் போடுங்கள்.