கடை வாசலில் வைக்கும் ஏ-போர்ட்: யாரிடம் அனுமதி பெறுவது, காப்புறுதி எவ்வளவு வேண்டும்?

கேள்வி (மூலைக்கடை)

வணக்கம். தென்லண்டனில் நானும் என் கணவரும் ஒரு மூலைக்கடை நடத்தி வருகிறோம். கடையின் முகப்பு, வண்டி நிறுத்தத் தடையாகச் சிவப்புக் கோடு போட்ட பெருந்தெருவைப் பார்த்திருக்கிறது. பக்கச் சுவர் ஒரு குறுக்குத்தெருவோரம் உள்ளது. மத்தியானச் சாப்பாடும் மாலையில் கொத்துரொட்டியும் கிடைக்கும் என்பதை நடந்து போகிறவர்களுக்குத் தெரிவிக்க, விரித்து நிறுத்தும் ஏ-போர்ட் ஒன்றை வாசலில் வைத்து, அன்றைய விலையைச் சோக்கால் எழுதி வந்தோம். அதைப் பார்த்து உள்ளே வந்தவர்கள் பலர். சென்ற வாரம் ஓர் அதிகாரி வந்து, பலகையை உடனே உள்ளே எடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடைக்காரரோ, பொதுப்பொறுப்புக் காப்புறுதி (கடையால் பொதுமக்களுக்கு வரும் காயம், சேதத்துக்கானது) இருந்தால் பயப்பட வேண்டியதில்லை என்கிறார். எங்கள் கதவுக்கும் பொது நடைபாதைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்துக்கு வேறு நிறக் கல் பதித்திருக்கிறது. ஓரத்தில் சிறிய உலோகக் குமிழ்கள் வரிசையாக அடிக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தில் பலகையை வைக்கலாமா? அனுமதி தேவையென்றால் யாரிடம் கேட்பது? இப்போது எங்களிடம் உள்ள கடைக் காப்புறுதியில் பொதுப்பொறுப்பு இருபது இலட்சம் பவுண் என்று எழுதியிருக்கிறது. அது போதுமா?

பதில் (சில காலம் உள்ளூராட்சி அலுவலகத்தில் வேலை செய்தவர்)

சகோதரி, உங்கள் கேள்வியில் முதலில் தெளிவாக வேண்டியது நிலம் யாருடையது என்பதுதான். அதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும்.

நீங்கள் சொல்லும் உலோகக் குமிழ்கள் பெரும்பாலும் தனியார் நிலத்தின் எல்லையைக் காட்டவே அடிக்கப்பட்டிருக்கும். அதற்கு உட்பட்ட பகுதி உங்கள் குத்தகைப் பத்திரத்தில் இணைக்கப்பட்ட வரைபடத்தில் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தால், அது கடையின் முன்றில். இங்கிலாந்தின் 2007 ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகளின் ஆறாம் வகுப்பின்படி, கடையின் முன்றிலில் அந்தக் கடையின் வியாபாரத்தைப் பற்றிய, மின்னொளி இல்லாத பலகைகளை விண்ணப்பம் எதுவும் இல்லாமலே வைக்கலாம். அவற்றின் மொத்தப் பரப்பு ஒரு முகப்புக்கு 4.6 சதுர மீற்றரைத் தாண்டக் கூடாது. சாதாரண ஏ-போர்ட் அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தனியார் நிலமானாலும் பொதுமக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு நடந்து வந்திருந்தால், 1980 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவின்படி அது பொதுப்பாதையாகிவிட்டதாகக் கருதப்பட இடமுண்டு. ஆகவே குத்தகைப் பத்திரத்தோடு நின்றுவிடாமல், அந்த இடம் பொதுப்பாதைப் பதிவில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்றும் எழுத்தில் கேளுங்கள்.

குமிழ்களுக்கு வெளியே வைத்தால் கதை வேறு. பொதுப்பாதையில் அனுமதியின்றிப் பொருள் வைத்து வழியை மறிப்பது அதே சட்டத்தின் 137 ஆம் பிரிவில் குற்றம். ஆபத்தாக இருக்கும் பொருளை 149 ஆம் பிரிவின் கீழ் உடனேயே அகற்றவும் அதிகாரிகளுக்கு வலு உண்டு. அனுமதி தரும் வழி 115E பிரிவு. 115G பிரிவின்படி அறிவித்தல் ஒட்டி, அயலவர் கருத்துச் சொல்லக் குறைந்தது 28 நாள் கொடுத்த பிறகே அனுமதி வழங்கலாம். கட்டணமும் நிபந்தனைகளும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்.

உங்களுடையது மூலைக்கடை என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிவப்புக் கோட்டுப் பெருந்தெரு கவுன்சிலின் பொறுப்பில் இல்லை. அதன் நடைபாதை டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்ற நகரப் போக்குவரத்து அமைப்பின் பொறுப்பில் உள்ளது. அவர்கள் 2016 இலிருந்தே ஏ-போர்ட்களுக்குச் சற்றும் இடம் கொடுக்காத நிலைப்பாட்டில் இருக்கிறார்கள். குறுக்குத்தெரு மட்டுமே கவுன்சிலின் கையில் இருக்கக்கூடும். நீங்கள் அனுமதி கேட்டுப் பார்க்கத்தக்க இடம் அதுதான் என்பது என் எண்ணம். எல்லா ஊரிலும் கேட்டால் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். எடின்பரோவில் 2018 நவம்பர் 5 முதல் நகரம் முழுவதும் இத்தகைய பலகைகளுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது.

பதில் (காப்புறுதித் தரகர்)

பக்கத்துக் கடைக்காரர் சொன்னதைத் தயவுசெய்து நம்பி நடக்காதீர்கள். காப்புறுதி நட்டஈடு கொடுப்பதற்கு உரியது. அனுமதியில்லாத பலகையை அது அனுமதியுள்ளதாக்காது. அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும், யாராவது தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். அதோடு, கவுன்சிலுக்கு வரும் இழப்பையும் நீங்களே ஏற்பதாக அனுமதி நிபந்தனைகளில் கையெழுத்து வாங்குவது வழமை. அனுமதி, காப்புறுதி இரண்டும் தனித்தனியே தேவை.

தொகையைப் பொறுத்தவரை, கடைக் காப்புறுதிப் பொதிகளில் சாதாரணமாக இருபது இலட்சம் பவுண் பொதுப்பொறுப்பு வரும். நடைபாதை அனுமதிக்குப் பெரும்பாலான கவுன்சில்கள் ஐம்பது இலட்சம் கேட்கும். சில ஒரு கோடி கேட்கும். கூட்டுவதற்கான மேலதிகக் கட்டணம் சிறு கடைகளுக்குப் பொதுவாகப் பெரிய சுமையாக இருப்பதில்லை. ஊழியர் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழிலும் ஐம்பது இலட்சம் என்று இருப்பதைக் கண்டு அதையே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அது 1969 ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயமாக்கிய வேறொரு காப்புறுதி. தெருவில் போகிறவருக்கு அதனால் ஒரு பென்ஸும் கிடைக்காது.

தொகையை விட முக்கியமானது பத்திரத்தின் வாசகம். சில பத்திரங்கள் கடையின் முகவரிக்குள் நடப்பதையே முதன்மையாகக் கருதி எழுதப்பட்டிருக்கும். எனவே தரகருக்கோ நிறுவனத்துக்கோ மின்னஞ்சல் அனுப்பி, கடைக்கு வெளியே பொது நடைபாதையில் இன்ன அளவுள்ள பலகையை இன்ன நேரத்தில் வைக்கப் போகிறோம் என்று தெரிவித்து, அதற்கும் பாதுகாப்பு உண்டு என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2016 ஆகஸ்ட் 12 இல் நடைமுறைக்கு வந்த 2015 ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின்படி, வியாபாரக் காப்புறுதி எடுப்பவர் ஆபத்தைப் பாதிக்கும் விடயங்களை ஒளிக்காமல் முன்வைக்கக் கடமைப்பட்டவர். சொல்லாமல் விட்டால் கொடுப்பனவு குறைக்கப்படலாம். வேண்டுமென்றே மறைத்ததாகக் கண்டால் முழுவதுமே மறுக்கப்படலாம்.

காற்றையும் மறக்க வேண்டாம். மெல்லிய பலகை காற்றில் சரிந்து, ஓரத்தில் நிறுத்தியிருக்கும் காரின் கதவில் கீறல் போடுவது இந்த வகைக் கோரிக்கைகளில் அடிக்கடி வருவது. பொருட்சேதத்தில் முதல் பகுதியை நீங்களே கட்ட வேண்டியிருப்பதால், சிறிய கீறலின் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழலாம். அடியில் பாரம் உள்ள பலகையை வாங்குங்கள். பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் வெளியே வைக்காதீர்கள்.

பதில் (வெள்ளைப் பிரம்போடு நடப்பவர்)

சட்டமும் காப்புறுதியும் பேசப்பட்டுவிட்டன. பலகையைக் கடந்து போகிற ஒருவனாக நானும் எழுதுகிறேன்.

நான் கடைச் சுவர்களின் ஓரத்தைப் பிரம்பால் தொட்டபடி நடப்பவன். அந்த ஓரமே எனக்கு வழி காட்டுகிறது. ஏ-போர்ட்டின் இரண்டு கால்களுக்கும் நடுவே கீழ்ப்பகுதி வெறுமையாக இருப்பதால் பிரம்பு உள்ளே நுழைந்துவிடும். தடை இருப்பதை அது சொல்வதற்குள் பலகையின் விளிம்பு முழங்காலில் இடித்துவிடும். நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லாமல் நகர்ந்து நகர்ந்து நிற்பதால் மனதில் குறித்துவைக்கவும் முடியாது. அதைச் சுற்றிப் போகத் தெரு விளிம்பு வரை விலகினால், வண்டிகளின் பக்கத்தில் நிற்கிறேன்.

இங்கிலாந்துப் போக்குவரத்துத் திணைக்களத்தின் வழிகாட்டல் 2022 இல் புதுப்பிக்கப்பட்டது. நடைபாதை 2 மீற்றர் அகலம் இருப்பதையே அது வழமையாகக் கொள்கிறது. தடை உள்ள இடத்தில் 1 மீற்றருக்குக் குறையவே கூடாது என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்து விலகுவதற்கு முதலில் சொன்ன அளவு வேண்டும். உங்கள் குறுக்குத்தெருவை அளந்து பார்த்து, பலகையை விரித்த பிறகும் 2 மீற்றர் மிஞ்சினால் மட்டும் விண்ணப்பியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிஞ்சாவிட்டால், கண்ணாடிக்கு உட்பக்கம் எழுதும் பலகை ஒன்றைத் தொங்கவிடுங்கள். அதற்கு யாரும் தடுக்கி விழப் போவதில்லை.

மூலைக்கடை

எல்லோருக்கும் நன்றி. குத்தகை வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். குமிழ்களுக்கு உள்ளே இருக்கும் ஒரு மீற்றரும் எங்கள் கடையோடு சேர்த்தே வரையப்பட்டிருக்கிறது. குறுக்குத்தெரு நடைபாதையை அளந்தால் 1.7 மீற்றர்தான் வருகிறது. ஆகவே அங்கே விண்ணப்பிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். பொதுப்பாதைப் பதிவைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும் வரை பலகை உள்ளேதான் இருக்கும். முன்றிலில் வைக்கலாம் என்று பதில் வந்தால், அடியில் மூடிய பலகையை, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், சுவரோடு ஒட்டி வைப்போம். அப்படி வைத்தாலும் தரகருக்குச் சொல்ல வேண்டுமா?

காப்புறுதித் தரகர்

கட்டாயம் சொல்லுங்கள். முன்றில் உங்களுடையதானாலும் அங்கே கால் வைக்கிறவர் பொதுமகன்தான். பலகையை வைத்த இடத்தைத் தேதி தெரியும்படி அவ்வப்போது படம் எடுத்து வையுங்கள். பழைய பத்திரங்களையும் எறியாதீர்கள். காயப்பட்டவருக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அவர் பிள்ளையாக இருந்தால் அந்த மூன்று ஆண்டும் பதினெட்டு வயதான பிறகுதான் எண்ணப்படும்.