மீன்கொத்தியின் கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வந்தது?

ஊருணிக்கரை:
நேற்று இங்கே நீலச்சிறகு தம்பி ஒரு படம் போட்டிருந்தார். கானாடுகாத்தான் பக்கத்து ஊருணியில் ஒரு சிறு நீல மீன்கொத்தி, வாயில் மீனோடு தண்ணீரை விட்டு மேலே எழும்புகிறது. கீழே அவர் எழுதியது: "கேமராவில் விழுந்தபடியே போட்டிருக்கிறேன். எடிட்டிங் துளியும் கிடையாது." ஆளாளுக்குக் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தராவது படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தீர்களா? கருவிழிக்குள் கூர்மையான வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கிறது. மீன்கொத்தி தண்ணீருக்குள் பாயும்போது அதன் மூன்றாவது இமை கண்ணை மூடிக்கொள்ளும். வெளியே வருகிற அந்தக் கணத்தில் கண் வெளிறி மங்கித்தான் தெரியும். இந்தப் படத்தில் வால் நுனி இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. அதற்குள் இமை திறந்து, ஒளிப்புள்ளியும் வந்து உட்கார்ந்துவிட்டதா? அந்தப் புள்ளி பிறகு வைத்தது. ரா ஃபைலை, அதாவது கேமரா எதையும் திருத்தாமல் பதிந்த மூலக் கோப்பை, போடுங்கள் தம்பி, பேச்சை முடித்துக்கொள்வோம்.

நீலச்சிறகு:
அண்ணே, பாராட்ட மனசு வராவிட்டால் பேசாமல் இருந்திருக்கலாம். இமை மூடும் என்று எனக்கும் தெரியும். மூடிய இமை திறக்கவே திறக்காதா? திறந்த பிறகு நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். விடியுமுன்னே போய் ஈரமான செம்புறாங்கல் படியில் குப்புறப் படுத்துக் கிடந்தவன் நான். வீட்டில் காபி குடித்துக்கொண்டே திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு அந்த அருமை தெரியாது.

தேவகோட்டைக்காரன்:
ஒரு புள்ளிக்கா இவ்வளவு பெரிய பஞ்சாயத்து? நம் ஊர் வளவு வீடுகளில் அப்பச்சி, ஐயா படங்கள் மாட்டியிருக்கின்றனவே, அதில் எத்தனை படத்துக்கு ஸ்டூடியோக்காரர் தூரிகையால் மீசையைக் கறுப்பாக்கி, வேட்டிக்கரைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்? யாராவது போய் ரா ஃபைல் கேட்டோமா? படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறதா, அது போதும்.

ஊருணிக்கரை:
தேவகோட்டையாரே, அந்த ஸ்டூடியோக்காரர் "டச்சப் பண்ணவில்லை" என்று படத்துக்குக் கீழே எழுதி ஒட்டினாரா? இல்லையே. டச்சப் செய்ததற்குத் தனியாகக் காசு வாங்கினார், எல்லோருக்கும் தெரிந்தே செய்தார். நான் கேட்பது அந்தப் புள்ளியைப் பற்றி மட்டும். சரி, இமையை விடுங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். படத்தில் வெயில் இடது பக்கத்திலிருந்து வருகிறது. சிறகின் நிழல் உடம்பின் வலது பக்கம் விழுந்திருக்கிறது. அப்படியானால் கண்ணில் ஒளிப்புள்ளி எங்கே விழ வேண்டும்? இடது மேல் பக்கத்தில். தம்பி படத்தில் எங்கே இருக்கிறது? வலது கீழ் மூலையில். அந்த ஊருணிக்கு மட்டும் இரண்டு சூரியனா?

நீலச்சிறகு:
இரண்டு சூரியன் வேண்டாம் அண்ணே, ஒரு சுவர் போதும். ஊருணிக்கு வலது கரையில் பெரிய வீட்டின் மதில் நிற்கிறது. செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தது. முகம் பார்க்கலாம். காலை வெயில் அதில் பட்டுத் திரும்பி வந்து கண்ணில் விழுந்திருக்கிறது. போட்டோகிராபி தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

ஊருணிக்கரை:
முகம் பார்க்கும் பூச்சு வீட்டுக்குள்ளே இருக்கும் தம்பி, முகப்பிலும் பட்டாலையிலும். ஊருணியைப் பார்த்த வெளி மதில் எத்தனை மழை வாங்கியிருக்கும்? பாசி படிந்து கறுத்துக் கிடக்கிறது, நானும் அந்தப் பக்கம் போகிறவன்தான். அப்படியே சுவர் வெளிச்சம் திரும்பி வந்தாலும் கண்ணில் அகலமாக, மங்கலாகத் தெரியும். இப்படிக் கூராக வராது. கல்யாண வீட்டுப் படங்களில் வெள்ளைக் குடை விளக்கு கண்ணுக்குள் எப்படி விழுகிறது என்று எந்த ஸ்டூடியோப் பையனையும் கேளுங்கள். ரா ஃபைல் எங்கே?

லென்ஸ் கிறுக்கன்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கணும். படத்தின் விவரத்தில் ஷட்டர் வேகம் 1/1000 நொடி என்று காட்டுகிறது. அந்த வேகத்தில் மீன்கொத்தியின் சிறகு நுனி இழுபட்டுத் தெரிய வேண்டும். பாய்ச்சலை உறைய வைக்க 1/2500க்கு மேலே போவார்கள், 1/4000 கூட வைப்பார்கள். இந்தப் படத்தில் சிறகு நுனி கத்தரித்த மாதிரி இருக்கிறது. அது எப்படி என்று தெரிந்தால் நானும் கற்றுக்கொள்வேன். ஆனால் ஊருணிக்கரை அண்ணன் ஒன்றை யோசிக்கவில்லை. சுவர் இல்லாவிட்டாலும் தண்ணீர் இருக்கிறதே. பறவை எழும்பும்போது அலை புரளும். அலை முகத்தில் பட்ட வெயில் எந்தப் பக்கமும் தெறிக்கலாம், அது கூராகவும் விழும்.

ஊருணிக்கரை:
தெறிக்கலாம். தெறித்தால் ஒரே ஒரு புள்ளிதான் தெறிக்குமா? அலகில், ஈரமான மார்பில், மீனின் செதிலில் எல்லாம் அதே வெளிச்சம் கீழிருந்து பட்டிருக்க வேண்டும். அலகின் அடிப்பக்கம் இருட்டாக இருக்கிறது. கண்ணை மட்டும் தேடிப்போய் விழுந்த வெயிலா அது? அந்தப் புள்ளி வைத்ததுதான்.

பள்ளத்தூர் ஆச்சி:
நான் கேமரா தொட்டவள் இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து மீன்கொத்தி பார்த்தவள். உங்கள் புள்ளிச் சண்டை எனக்குப் புரியவில்லை, மீனைப் பற்றித்தான் சந்தேகம். பிடித்த வேகத்தில் மீன் அலகுக்குக் குறுக்கே கிடக்கும். கிளைக்குப் போய் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் பறவை அதைத் திருப்பும். தான் விழுங்கினால் தலை உள்ளே, குஞ்சுக்கோ ஜோடிக்கோ கொண்டுபோனால் தலை வெளியே. தம்பி படத்தில் தண்ணீரை விட்டு வரும்போதே மீன் தலை வெளியே நீட்டி ஒழுங்காக நிற்கிறதே, எப்படி அப்பா?

நீலச்சிறகு:
ஆச்சி, அது எப்படி அகப்பட்டதோ அப்படித்தானே வரும்? மீனை நேராகப் பிடி என்று பறவைக்கு நானா சொல்லிக்கொடுத்தேன்? கீழ் அலகு சிவந்திருக்கிறது, பெண் பறவை என்று பார்த்தாலே தெரியும். அதையாவது ஒருத்தர் கவனித்தீர்களா?

சிங்கம்புணரியான்:
அந்தச் சிவப்பும் கொஞ்சம் ஓவர்தான், சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றி வைத்த சிவப்பு. நான் வேறு ஒன்று கேட்கிறேன். தலை வெளியே இருந்தால் குஞ்சுக்குக் கொண்டுபோகும் மீன் என்று ஆச்சி சொல்கிறார்கள். அப்படியானால் பக்கத்தில் கரை மண்ணில் கூட்டுப் பொந்து இருக்கிறது. பொந்துக்கு முன்னால் படுத்துக்கொண்டா இந்தப் படம்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் வேட்டைக் கணக்கில்தான் வரும். லைக் வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளணும்.

நீலச்சிறகு:
இப்போது நான் வேட்டைக்காரனும் ஆகிவிட்டேனா? கூடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பெண் பறவையின் கீழ் அலகு செம்மஞ்சளாகத்தான் இருக்கும், போய் எந்தப் புத்தகத்திலும் பாருங்கள்.

கொள்ளுக்குடிப்பட்டி பக்கம்:
கூடு பற்றி யாரோ பேசியதால் சொல்கிறேன். எங்கள் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அறிவித்தது 1977இல். அதற்கு முன்னாலிருந்தே எங்கள் ஊர்களில் பறவைகளைக் காத்துவருகிறோம். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்பதில்லை. கண்மாய்க்குள் கருவேல மரங்களில் நத்தைகுத்தி, சாம்பல் நாரை, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டியிருக்கும் நேரத்தில் கேமராவோடு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? உட்கார்ந்திருக்கும் நாரை படம் வேண்டாமாம், பறக்கிற படம்தான் வேண்டுமாம். கைதட்டுகிறார்கள். ஒரு நாள் ஒருத்தர் கல்லை எடுத்து எறிந்தார், நான் கையைப் பிடித்தேன். தாய் எழுந்து போன கூட்டில் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கா வந்து பார்த்துக்கொண்டே நிற்கும். நீங்கள் கண்ணில் புள்ளி வைத்தால் என்ன, பொட்டு வைத்தால் என்ன? எழுப்பி விட்டுத்தானே எடுக்கிறீர்கள்?

தேவகோட்டைக்காரன்:
எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் பலமுறை வந்திருக்கிறேன், கைதட்டியதே இல்லை. கார் நிறுத்த இடம் கேட்டதற்குத்தான் உங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் முகத்தில் அடித்த மாதிரி பேசினார்.

கொள்ளுக்குடிப்பட்டி பக்கம்:
கண்மாய்க் கரைமேல் காரை ஏற்றியது நீங்கள்தானா? இவ்வளவு நாளாக யார் என்று தேடிக்கொண்டிருந்தோம்.

தேவகோட்டைக்காரன்:
கரைமேல் ஏற்றவில்லை. கரை ஓரமாகத்தான் நிறுத்தினேன்.

ஊருணிக்கரை:
கார் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளுக்குடிப்பட்டியார் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்தும் இல்லை, கல்லெறிகிறவன் கையில் கேமராவே இருக்கக் கூடாது. ஆனால் புள்ளி வைத்தால் என்ன என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மீன்கொத்தி கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறது. மேலே இருந்து குறிபார்த்த இடத்தை நம்பி இறங்குகிறது. அந்த வெளிறிய கண் படத்தில் இருந்தால், பார்க்கிற பிள்ளை "ஏன் கண் இப்படி இருக்கிறது" என்று கேட்கும், நாம் சொல்லிக்கொடுப்போம். அதை அழித்துவிட்டுப் பளபளப்பான கண்ணை வரைந்து, "உள்ளது உள்ளபடி" என்று எழுதினால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? லண்டனில் நடக்கும் உலகக் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தின் பரிசை 2010இல் பறித்தார்கள், அது பழக்கிய ஓநாய் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததால். 2017இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படத்துக்கும் மறு வருஷம் அதே கதி, பாடம் செய்த உடம்பு என்று. இறுதிச் சுற்றுக்கு வந்தால் ரா ஃபைல் கேட்பது அங்கே வழக்கம். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

நீலச்சிறகு:
நான் என்ன லண்டனுக்கா அனுப்பினேன்? நான் ஜேபெக்கில், கேமராவே சுருக்கித் தரும் வடிவத்தில், எடுக்கிறவன். ராவில் எடுத்தால் தொடர் ஷாட் பாதியில் திணறி நின்றுவிடுகிறது. ஆக, கொடுக்க ரா ஃபைல் கிடையாது. உங்கள் வயிற்றெரிச்சல் எதற்கு என்று எனக்குத் தெரியும். காரைக்குடிக் கண்காட்சியில் என் பனங்காடைப் படம் சுவரில் ஏறியது, உங்கள் பாம்புத்தாரா ஏறவில்லை. அந்தப் பாம்புத்தாராவுக்குப் பின்னால் ஒரு மின்கம்பி ஓடியதே, அது எங்கே போயிற்று அண்ணே?

ஊருணிக்கரை:
கம்பியை நான் அழித்தேன். "பின்னணியில் கம்பி நீக்கப்பட்டது" என்று படத்துக்குக் கீழேயே எழுதியும் கொடுத்தேன். அதனால்தான் அது சுவரில் ஏறவில்லை. எழுதாமல் விட்டவர்கள் படமெல்லாம் ஏறியது. அதற்காக நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. ஜேபெக் என்கிறீர்கள், சரி. தொடர் ஷாட் அடித்தேன் என்றும் நீங்களேதான் சொல்கிறீர்கள். அப்படியானால் இந்தப் படத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். அவற்றில் கண் எப்படி இருக்கிறது என்று காட்டுங்கள்.

லென்ஸ் கிறுக்கன்:
ஜேபெக் என்றாலே கேமரா உள்ளுக்குள் ஷார்ப்னஸ், கான்ட்ராஸ்ட், நாய்ஸ் என்கிற புள்ளிக் கரகரப்பு எல்லாவற்றையும் தானே சரிசெய்துதான் கொடுக்கிறது. "எடிட்டிங் துளியும் இல்லை" என்ற பேச்சே அங்கே நிற்காது.

நீலச்சிறகு:
கேமரா செய்வது என் கணக்கில் வராது. லேசாக ஷார்ப் பண்ணி, நாய்ஸ் எடுக்கும் ஏஐ மென்பொருளில் ஒரு தடவை ஓட்டினேன். அதையெல்லாம் யாராவது எடிட்டிங் என்பார்களா? மற்ற ஃபிரேம்களை அழித்துவிட்டேன். நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிப்பதுதானே வழக்கம்?

ஊருணிக்கரை:
எல்லோரும் படித்தீர்களா? நேற்று "துளியும் கிடையாது". இன்று ஏஐயில் ஒரு ஓட்டு. பக்கத்து ஃபிரேம்களும் இல்லை. அந்தப் புள்ளி பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

லென்ஸ் கிறுக்கன்:
அந்த மென்பொருள் தானாகவே கண்ணைக் கூர்மையாக்கிப் புள்ளியைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். தம்பி கையால் வைத்தார் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

ஊருணிக்கரை:
மங்கலாகவாவது ஒரு புள்ளி இருந்தால்தானே கூர்மையாக்கும்? இமை மூடிய கண்ணில் அங்கே புள்ளிக்கே வேலை இல்லை. கையால் வைத்தாலும் மென்பொருள் வைத்தாலும் பறவை வைக்கவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
மீனுக்கு இன்னும் பதில் வரவில்லை.

தேவகோட்டைக்காரன்:
ஆச்சி, மீன் ஜிலேபிக் கெண்டையா, கெளுத்தியா என்றும் கேளுங்கள். கெளுத்தி முள்ளோடு நேராக வந்தால் தொண்டையில் சிக்காதா?

சிங்கம்புணரியான்:
பொந்து பற்றிய என் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

நீலச்சிறகு:
ஆளுக்கொரு கேள்வி கேட்டால் நான் யாருக்கென்று பதில் சொல்வது? படம் அங்கேயே இருக்கும். கீழே எழுதியதிலும் ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஊருணிக்கரை:
தாண்டிப் போக மாட்டேன் தம்பி. வருகிற ஞாயிறு வெயில் ஏறுமுன் அந்த ஊருணிக்கு வருகிறேன். நீங்கள் படுத்த அதே படியைக் காட்டுங்கள். மதிலிலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்புகிறது, எந்தப் பக்கம் விழுகிறது என்று நின்றே பார்ப்போம். நான் ராவில் எடுப்பேன், ஃபிரேம் முழுவதையும் இங்கேயே போடுவேன்.

நீலச்சிறகு:
ஞாயிறு எனக்குக் குன்றக்குடியில் ஒரு கல்யாண ஆர்டர். நீங்களே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொள்ளுக்குடிப்பட்டி பக்கம்:
தேவகோட்டைக்காரர் அந்தக் கார் விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கரையில் டயர்த் தடம் இன்னும் இருக்கிறது, படம் எடுத்துப் போடுகிறேன்.