45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) ரெக்கார்டின் நடு ஓட்டையில் வைக்கும் வில்லை யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'சம்திங்' சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டு), 1969இல் வந்த அமெரிக்கப் பதிப்பு, பழைய சாமான் கடையில் கிடைத்தது. குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாட்டு அவர்களது சிங்கிளின் முதல் பக்கத்துக்கு வந்தது இதில்தான் முதல் தடவை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், ரெக்கார்டின் நடு ஓட்டை ஒன்றரை அங்குலம். என் பிளேயரின் கம்பியோ கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அட்டையை வட்டமாக வெட்டி வைத்துப் பார்த்தேன். மயிரிழை விலகினாலும் போச்சு, கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் முழுக்கப் படகில் போவதுபோல் ஆடுகிறது. அந்த இடத்துக்காகத்தானே வாங்கினேன்! நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் வில்லை யாரிடமாவது கூடுதலாக இருந்தால் கொடுங்கள். தபால் செலவு என்னுடையது. அப்புறம், முப்பரிமாண பிரிண்டரில் செய்தவர்கள் இருந்தால் சரியான அளவையாவது சொல்லுங்கள்.