அரையாண்டு விடுமுறையில் சேலத்திலிருந்து காரிலேயே ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்கா: ஒன்பது நாள் போதுமா?

கலை, அழகாபுரம்:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை வருகிறது. சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்து ஒன்பது நாள் கிடைக்கும். எங்கள் எர்டிகாவை எடுத்துக்கொண்டு நேராக ஜெய்சல்மேர் போய், பாலைவனத் தேசியப் பூங்கா, 1971 போர் நடந்த லோங்கேவாலா, எல்லைப் பக்கத்துத் தனோட் கோயில் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று வீட்டில் பேச்சு.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இளவயதில் ராணுவத்தில் இருந்தவர், அந்தப் பக்கம் பணிபுரிந்திருக்கிறார். டிவியில் ராஜஸ்தான் வந்தாலே "அந்த மணலை இன்னொரு தடவ மிதிச்சுட்டு வந்துடணும்" என்பார். பையன் எட்டாவது படிக்கிறான். பறவை என்றால் உயிர். அவனுக்குக் கானமயில் என்கிற, அழிந்துவரும் பெரிய புல்வெளிப் பறவையைப் பார்த்தே ஆக வேண்டும்.

நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஓட்டுவோம். ஏற்காடு மலைப்பாதை எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெங்களூர், மைசூர், ஊட்டி வரை ஓட்டியிருக்கிறோம். மணலில் ஓட்டியதில்லை. என் சந்தேகங்கள் இவைதான்: ஒன்பது நாளில் முடியுமா? சொந்தக் காரை மணல்மேட்டில் ஏற்றலாமா? எல்லைப் பக்கம் போக அனுமதி வாங்க வேண்டுமா? அப்பா இன்சுலின் போடுகிறார், அதை எப்படிக் கொண்டுபோவது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

குமார், ஓமலூர் (இப்போது புனேயில்):

தாராளமாகப் போகலாம் அக்கா. தொப்பூர் கணவாய் தாண்டிவிட்டால் பெங்களூர், தும்கூர், ஹூப்ளி, கோலாப்பூர், புனே, சூரத், அகமதாபாத் என்று கிட்டத்தட்ட முழுக்க நல்ல சாலை. அகமதாபாத்தில் இருந்து பாலன்பூர், சாஞ்சோர், பார்மேர் வழியாக ஜெய்சல்மேர். மொத்தம் 2,200 கிலோமீட்டர் வரும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டி ஒரு நாளைக்கு 700 போனால் நாலாம் நாள் காலையில் சேர்ந்துவிடலாம். நாங்கள் நண்பர்கள் அப்படித்தான் போனோம். டோலுக்கு மட்டும் ஃபாஸ்டாகில் நன்றாகப் பணம் போட்டு வையுங்கள்.

செல்வராசு, சங்ககிரி:

அம்மணி, நான் லாரி வைத்து ஓட்டுகிறவன். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு குஜராத், ஜோத்பூர் வரை போவேன். திரும்பும்போது கிஷன்கர் மார்பிளோ ஜெய்சல்மேர் மஞ்சள் கல்லோ ஏற்றி வருவேன். அந்தப் பக்கத்து ரோடு எப்படி என்று நன்றாகத் தெரியும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. ஓமலூர் தம்பி சொன்ன தூரம் சரி, ரோடும் சரி. ஆனால் அது நாலு வாலிபப் பையன்களின் கணக்கு. போக நாலு, வர நாலு என்றால் பாலைவனத்துக்கு மிஞ்சுவது ஒரே நாள். அந்த நாளிலும் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பீர்கள். மும்பையைச் சுற்றிப் போகிற இடத்தில் மட்டும் அரை நாள் நின்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பெரியவர் இத்தனை வருடம் ஆசைப்பட்டுப் போகிற இடத்தில் அவரை அவசரப்படுத்தக் கூடாது.

பெங்களூரில் இருந்து ஜோத்பூருக்கு விமானமும் உண்டு, ரயிலும் உண்டு. ஜோத்பூரில் காரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஜெய்சல்மேர் 280 கிலோமீட்டர், வழியில் பொக்ரான். 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனை நடந்தது அந்தப் பக்கம்தான். இப்படிப் போனால் நாலைந்து நாள் முழுசாகப் பாலைவனத்துக்குக் கிடைக்கும். இல்லை, சொந்தக் காரில்தான் போவோம் என்றால் கோடை விடுமுறைக்குத் தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சேலத்து வெயில் பார்த்தவர்கள் நாம், தாங்கிவிடுவோம் என்று தோன்றும். அந்த வெயில் வேறு. ஜெய்சல்மேருக்குப் பக்கத்து ஊர் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி அடித்தது. டிசம்பர், ஜனவரியில் இரண்டு வாரம் லீவு கிடைக்கிற வருடமாகப் பார்த்துக் காரில் போங்கள்.

அந்த மாதத்தில் பகல் நன்றாக இருக்கும். ராத்திரி குளிர் கடுமை. ஏற்காட்டுக் குளிருக்கு எடுத்துப்போகிற சால்வை போதாது. அப்பாவுக்குக் கம்பளி உள்சட்டை, காதை மூடுகிற குல்லா, கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏழரைக்குப் பக்கம்தான் பொழுது விடியும், சாயந்திரம் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஓட்டுகிற நேரத்தை அதற்குள் அடக்குங்கள். இருட்டிய பிறகு ஒட்டகம், மாடு எல்லாம் ரோட்டிலேயே நிற்கும். ஒட்டகம் உயரமான பிராணி. நம் கார் விளக்கு அதன் காலில்தான் படும், உடம்பு தெரியாது. பக்கத்தில் போனால்தான் அங்கே ஏதோ நிற்கிறதே என்று புரியும்.

இப்போது மணல் விஷயம். சொந்தக் காரை மணல்மேட்டில் ஏற்றவே கூடாது. 1971 டிசம்பர் 4 ராத்திரி லோங்கேவாலாவுக்கு வந்த பாகிஸ்தான் டாங்கிகளும் வண்டிகளுமே அந்த மணலில் சிக்கித் திணறின. மறுநாள் காலையில் நம் விமானங்கள் ஜெய்சல்மேரில் இருந்து போய் அடித்தன. இது உங்கள் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் எர்டிகா எந்த மூலைக்கு?

மேட்டில் ஏற்றாவிட்டாலும் மணலில் மாட்டுவதற்கு வாய்ப்பு உண்டு. லோங்கேவாலா போகிற வழியில் இருக்கிற ராம்கர் பக்கம் ரோடு ஒற்றைத் தார்தான் இருக்கும் இடங்கள் உண்டு. எதிரே ராணுவ வண்டி வந்தால் ஓரம் ஒதுங்குவோம். தார் முடிந்ததும் கெட்டித் தரை மாதிரி தெரியும், மேலே மெல்லிய புல்கூட இருக்கும். கீழே பொடி மணல். ஒருமுறை கர்நாடகா பதிவு எண் கார் ஒன்று அப்படி ஒதுங்கி, இடது பக்கச் சக்கரம் இரண்டும் இறங்கி நின்றதைப் பார்த்தேன். ஓட்டிய பையன் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி பறித்துக்கொண்டு போனது. நான் இறங்கிப் போவதற்குள் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

அந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான். மாட்டிவிட்டது என்று தெரிந்த நொடியே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட வேண்டும். எல்லோரும் இறங்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையாலோ தட்டாலோ சரிவாகத் தோண்டுங்கள். வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கிற மணலையும் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். டயரில் காற்றைப் பதினெட்டு, இருபது பாயிண்ட் வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி மணலை அகலமாகப் பிடிக்கும். சக்கரத்துக்கு அடியில் சணல் சாக்கைத் திணித்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். அந்தப் பையனின் காரை என் லாரியில் கிடந்த ஜவ்வரிசிச் சாக்கு நாலைப் போட்டுத்தான் எடுத்தோம். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி ஏற்றாமல் வேகம் எடுக்கக் கூடாது, டயர் சூடேறி வெடிக்கும். அதனால் காரின் சாக்கெட்டில் சொருகிக் காற்றடிக்கிற சின்னக் கம்ப்ரசர் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, ஜாக்கி. ஸ்டெப்னி மாற்ற ஜாக்கியை மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகை ஒன்று டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். லீ பஜார் பக்கம் மரக்கடையில் கேட்டால் வெட்டித் தருவார்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், வண்டிக்குத் தனியாகப் பத்து லிட்டர். குளிர்காலத்தில் தாகம் தெரியாது, பெரியவர்கள் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். நீங்கள்தான் நினைவுபடுத்திக் கொடுக்க வேண்டும். பெட்ரோலை ஜெய்சல்மேரில் முழுக்க நிரப்புங்கள், ராம்கரில் மறுபடி நிரப்புங்கள். பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். செல்போன் சிக்னல் எல்லை நெருங்க நெருங்கக் குறையும். மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். தங்குகிற இடத்தில், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஜெய்சல்மேர், ராம்கர், லோங்கேவாலா, தனோட், திரும்ப ராம்கர் வழியே ஜெய்சல்மேர் என்று ஒரே நாளில் சுற்றி வரலாம். தனோட் மாதா கோயில் வரை தடையில்லை, ஆதார் கையில் இருக்கட்டும். அந்தக் கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர்தான் பார்த்துக்கொள்கிறார்கள். போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். கோயிலைத் தாண்டி எல்லைக் கோட்டுப் பக்கம் போக அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். டிரோன் வேண்டவே வேண்டாம். ரோட்டை விட்டு இறங்கி நடக்கும்போது துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் பையனைத் தொட விடாதீர்கள். அது ராணுவம் சுட்டுப் பழகுகிற பூமி.

இன்சுலின் பற்றி டாக்டரைக் கேளுங்கள். நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பூட்டிய காருக்குள் வெயிலில் வைத்துவிட்டு இறங்காதீர்கள், ஐஸ் கட்டி மேல் நேராகவும் வைக்காதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும்.

நிர்மலா, ஏற்காடு:

தம்பிக்காக இதை எழுதுகிறேன். இங்கே காப்பித் தோட்டத்தில் பறவை பார்ப்பதில் ஆரம்பித்து, கானமயிலுக்காகவே ஜெய்சல்மேர் போனவள் நான்.

பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர், நம் சேலம் மாவட்டத்தில் பாதிக்கும் மேல். ஆனால் அதில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கல்தரை, முட்புதர், புல்வெளி. கானமயில் இருப்பது புல்வெளியில். சம் என்ற ஊர்ப் பக்கத்து மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, ஜீப் இரைச்சல் என்று கூட்டமாக இருக்கும். அங்கே தேடாதீர்கள். சுதாசரி என்ற பகுதிக்குப் போங்கள். அதற்கு ஜெய்சல்மேரில் வனத்துறை அலுவலகத்தில் முதல் நாளே அனுமதி பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் வழிகாட்டி ஒருவர் கூட வரட்டும், விடியும்போது உள்ளே இருங்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள், தடத்தை விட்டு வண்டியை விலக்காதீர்கள். கானமயில் கூடு கட்டாது. வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். புல்வெளியில் ஓடுகிற டயர் எதை நசுக்கியது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

பையனிடம் நிச்சயம் பார்ப்போம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காட்டில் மிஞ்சியிருப்பவை 150-ஐ ஒட்டித்தான், அதிலும் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில். ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட புல்வெளிகளிலும் இருந்த பறவை இது. ஆண் பறவை பதினைந்து கிலோ வரை இருக்கும், அவ்வளவு கனத்தோடு பறக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருக்கிற மின்கம்பியும் சரியாகத் தெரியாது. காற்றாலை, சூரிய மின்சாரத்துக்காக அங்கே இழுத்த கம்பிகளில் மோதிச் சாகின்றன. 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. நான் பார்த்தபோது இரண்டு பறவைகள் புல்லுக்குள் நிதானமாக நடந்து போயின, அவற்றின் தலைக்கு மேலே தூரத்தில் கம்பி வரிசை. பார்த்த சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. சம், ராம்தேவ்ரா இரண்டு இடத்திலும் வனத்துறையினர் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் மையம் நடத்துகிறார்கள், அதுதான் இப்போதைக்கு நம்பிக்கை.

கானமயில் தென்படாவிட்டாலும் ஏமாற்றம் இருக்காது. குளிர்காலத்தில் கழுகுகளும் பாறுகளும் நிறைய. சிங்காரா மான் ரோட்டோரமே நிற்கும். ஜோத்பூர் வழியாகப் போனால் பலோடிக்குப் பக்கத்தில் கீச்சன் என்ற ஊரில் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். குர்ஜா என்று அவர்கள் சொல்கிற கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து, ஊர்க்காரர்கள் இறைக்கிற தானியத்தைத் தின்னும். அப்புறம், வழியெங்கும் கேஜ்ரி என்று ஒரு மரம் காட்டுவார்கள். நம் கோயில்களில் நிற்கிற வன்னி மரம்தான் அது. அதன் காயைத்தான் சாங்ரி என்று சமைத்துப் போடுவார்கள். கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள்.

கலை, அழகாபுரம்:

அண்ணா, அக்கா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். டாங்கி சிக்கிய இடம் வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஜோத்பூர் வரை விமானத்தில் போய் வாடகைக் கார் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: நாங்களே ஓட்டுவதா, அந்த ஊர் டிரைவரோடு எடுப்பதா?

செல்வராசு, சங்ககிரி:

டிரைவரோடு எடுங்கள் அம்மணி. மணலும் தெரியும், பாஷையும் தெரியும், செக்போஸ்டில் பேச்சும் சுலபம். நீங்களும் வெளியே பார்த்துக்கொண்டு வரலாம். காரை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். நாலு டயரின் பட்டனையும் பாருங்கள், தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். சாக்கும் பலகையும் அங்கேயே கேட்டு வாங்கி டிக்கியில் போடச் சொல்லுங்கள். கம்ப்ரசர் அவர்களிடம் இருக்கும், ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.