சிவக்காத குழிகள்: அழற்சியும் எலும்பாக்கச் செல்களும் – உங்கள் அனுபவம் என்ன?

குழித்தட்டு:
எலும்பாக்கச் செல்களைத் தட்டின் குழிகளில் வளர்த்து 21ஆம் நாள். செல்கள் படியவைத்த சுண்ணாம்பைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் ரெட் சாயத்தை ஊற்றி, 20 நிமிடம் வைத்து, நீர் தெளியும்வரை கழுவினேன். எதுவும் கலக்காத இடப்பக்கக் குழிகள் எல்லாம் செங்கல் நிறம். அழற்சியை மூட்டும் புரதமான டி.என்.எஃப். ஆல்ஃபா (மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம்) கலந்த வலப்பக்கக் குழிகளில் கழுவிய நீரோடு நிறமும் போய்விட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் இருக்கின்றன, பாய் விரித்ததுபோல் நெருங்கிப் படர்ந்து. செத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். உயிரோடு இருந்துகொண்டே சுண்ணாம்பு வைக்க மறுத்துவிட்டன. வழக்கமான எம்சி3டி3தான், சுண்டெலியின் எலும்பாக்கச் செல்கள். எலும்பாக்கத்தின் அடையாளங்களில், 7ஆம் நாளே ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி பாதிக்குக் கீழே, ரன்எக்ஸ்2 மரபணுவும் இறக்கம். எதிர்பார்த்த முடிவுதானே என்கிறார் வழிகாட்டி. எனக்கு அந்த வெறுங்குழிகள் கண்ணைவிட்டு அகலவில்லை.

மஜ்ஜைக்காரி:
டி.என்.எஃப். என்றாலே எலும்புக்குப் பகை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என்னுடையவை மனித எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்கள். முதல் 2 நாள் மட்டும் அதே டி.என்.எஃப். கொடுத்து எடுத்துவிட்டேன். அந்தக் குழிகள்தாம் அதிகமாகச் சிவந்தன! தட்டை மாற்றிக் குறித்துவிட்டேனோ என்று மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று முறை செய்தும் அதே சிவப்பு. முறிந்த எலும்பு கூடும்போதும் முதலில் வருவது அழற்சிதானே? நீங்கள் 21 நாளும் விடாமல் கொடுத்திருக்கிறீர்கள்.

பழைய கை:
எனக்கு நேர்ந்தது சிறிய கதை. ஐ.எல்.-1 பீட்டா என்ற இன்னொரு அழற்சிப் புரதம் கொடுத்தும் மூன்று மாதம் ஒரு மாற்றமும் இல்லை. காரணம் செல்கள் வளரும் ஊடகத்தில் எலும்பாக்கத்துக்காக நானே சேர்த்த டெக்ஸாமெத்தசோன். அழற்சியைத் தணிக்கத் தரும் ஸ்டீராய்டு அது. ஒரு கையால் தீ வைத்து மறு கையால் அணைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே குழித்தட்டு, முதலில் ஊடகத்தைப் பாருங்கள். எம்சி3டி3 செல்களுக்கு டெக்ஸா தேவையில்லை. அஸ்கார்பிக் அமிலமும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் போதும். சாதாரண ஆல்ஃபா எம்.இ.எம். என்ற வளர்ப்பு ஊடகத்தில் அஸ்கார்பிக் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. செல்களைப் பெருக்கும்போது அது இல்லாத வகையை வாங்குங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தொடங்கும் முன்பே அவை முதிரத் தொடங்கிவிடும். பலமுறை பிரித்து வளர்த்த செல்களை நம்பாதீர்கள். சீரத்திலும் நீரிலும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நஞ்சு இருக்கிறதா என்று சோதியுங்கள். பாக்டீரியா செத்தாலும் அதன் சுவர்த்துணுக்கு அழற்சியை மூட்டும். ஐ.எல்.-6 என்ற அழற்சிப் புரதத்தைத் தொடுவதாக இருந்தால், அதைப் பற்றிக்கொள்ளும் கரையும் ஏற்பியையும் சேர்த்துக் கொடுங்கள். மஜ்ஜைக்காரி, உங்கள் ஊடகத்தில் டெக்ஸா இருந்திருக்குமே?

மஜ்ஜைக்காரி:
இருந்தது. மனிதச் செல்களுக்கு வழக்கமாக அதைச் சேர்ப்போம். ஆனால் டி.என்.எஃப். கொடுக்காத குழிகளிலும் அதே அளவு டெக்ஸா. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள்.

குழித்தட்டு:
ஐயா, நான் டெக்ஸா சேர்க்கவே இல்லை. ஊடகத்தை அல்ல, அந்தச் செல்களைப் பற்றித்தான் கேட்டேன்.

இரவுப்பணி:
ஆய்வகத்தில் தட்டுகளைப் படமெடுப்பது என் வேலை. என் அண்ணனுக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு அழற்சி நோய். அம்மாவுக்கு முடக்குவாதம். அம்மாவின் விரல் எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் அரித்துக் கிடக்கிறது. அண்ணனுக்கோ முள்ளெலும்புகளுக்கு நடுவே புதிய எலும்பு பாலம் போட்டுக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் அழற்சி என்றுதான் பெயர், இருவருக்கும் டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிமருந்துதான் எழுதுகிறார்கள். நீங்கள் இருவரும் வாதாடுவதைப் படித்தபோது, எங்கள் வீட்டு எக்ஸ்ரே உறைகள் இரண்டும் நினைவுக்கு வந்தன.

போன வாரம் மருத்துவர் அண்ணனைச் சுவரோடு நிற்கவைத்தார். குதிகாலும் முதுகும் ஒட்டின. பின்தலை ஒட்டவில்லை. நடுவில் ஸ்கேலை வைத்து அளந்தார்: 7 செ.மீ. மறுநாள் ஒரு தட்டின் சிவந்த குழிகளைப் படமெடுக்க உட்கார்ந்தேன். நெடுநேரம் பொத்தானை அழுத்தவில்லை.